வாசகர் கேள்விகள்: தட்டம்மையும் தவறிப்போன ஊசியும்

கேள்வி: மகள் வயிற்றுப் பேரனுக்கு 14 மாதம். மூன்று நாள் கடும் காய்ச்சல். மூக்கு ஒழுகி, இருமி, கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்தன. நான்காம் நாள் காதின் பின்னால் தொடங்கி முகமெல்லாம் தடித்துவிட்டது. வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பதையும் நிறுத்திவிட்டோம். அம்மை கண்டால் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது என்கிறார்கள். மகளும் மருமகனும் கட்டட வேலைக்காகப் பெங்களூரில் இருந்தபோது 9 மாத ஊசி தவறிவிட்டது. மகன் வீட்டுப் பேத்தியும் எங்களோடுதான் இருக்கிறாள். என்ன செய்யலாம் ஐயா?
— ஒரு பாட்டி, குடியாத்தம்

பதில்: அம்மா, இந்தப் பதில் அச்சேறும் நாளில் பேரன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு எழுந்து விளையாடுவான் என்று நம்புகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளையும் நினைத்துச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காய்ச்சல், சளி, கண் சிவப்பு, அதன் பிறகு காதோரத்திலிருந்து கீழே இறங்கும் தடிப்பு என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிசையே, இது நம் பக்கத்தில் மணல்வாரி எனப்படும் தட்டம்மை என்று பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளங்கள் எழும். தட்டம்மையில் நீர் கோப்பதில்லை. தடிப்பு வருவதற்கு ஓரிரு நாள் முன்பே, கன்னத்தின் உட்புறத்தில் கடைவாய்ப் பக்கம், சிவந்த சதையின் மேல் உப்புத்தூள் தெளித்தாற்போல் வெண்புள்ளிகள் தோன்றுவதுண்டு. கரண்டிக் காம்பால் கன்னத்தை மெல்ல ஒதுக்கி டார்ச் அடித்தால் தெரியும். சீக்கிரமே மறைந்துவிடுவதால், புள்ளி இல்லையென்றால் நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

வேப்பிலையை எடுக்கச் சொல்ல மாட்டேன். கெங்கையம்மன் சிரசு காண ஊரே திரளும் குடியாத்தத்துக்காரரிடம் அதைச் சொல்வது முறையுமல்ல. குழந்தையை ஒதுக்கி வைப்பது நல்லதும்கூட. என் வருத்தமெல்லாம், பத்தியம் என்று பாலையும் சோற்றையும் குறைத்துவிட்டு, மருத்துவரிடம் காட்டாமலே இருந்துவிடுவதுதான். இந்த நோயில் உயிரைப் பறிப்பது தோலில் தெரியும் தடிப்பு அல்ல. அதைத் தொடர்ந்து வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் அரிதாக வரும் மூளைக்காய்ச்சலும்தான். ஆகவே கஞ்சி, இளநீர், தாய்ப்பால் எதையும் நிறுத்தாதீர்கள். தட்டம்மை கண்ட குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள்கள் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும். ஒரு வயது கடந்த குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் 2 லட்சம் யூனிட். இது கண் பார்வையையும் உயிரையும் காக்கிறது. அளவு வயதுக்கேற்ப மாறுவதால் மருத்துவர் கையால்தான் கொடுக்கப்பட வேண்டும். மூச்சு வேகமாக இரைத்தாலோ, எதையும் குடிக்க முடியாமல் துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ, கருவிழியில் வெண்மை படர்ந்தாலோ அந்த நேரமே கிளம்ப வேண்டும்.

இனிப் பேத்தியின் கதை. தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்தே இந்த வைரஸ் இருமலிலும் தும்மலிலும் பரவத் தொடங்கிவிடுகிறது. நோயாளி இருந்துவிட்டுப் போன அறையின் காற்றில் 2 மணி நேரம் வரை தங்கும். வாசலில் வேப்பிலை ஏறும்போது பேத்தி ஏற்கெனவே அந்தக் காற்றைச் சுவாசித்திருப்பாள். தொற்று பட்ட 3 நாளுக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கலாம். உங்கள் வீட்டில் அந்தக் கெடு கழிந்திருக்கக்கூடும். ஆயினும் அவளுக்கும் ஊசி விடுபட்டிருந்தால், அடுத்த முறைக்காகவாவது போட்டுவிடுங்கள். பேரனுக்கும், தேறிய பிறகு, ஊசி தேவை. அதில் ரூபெல்லா என்ற இன்னொரு தொற்றுநோய்க்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது.

கிராம சுகாதாரச் செவிலியரிடம் அம்மை கண்டதை மறைக்காமல் சொல்லுங்கள். 1980-களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் வைரஸ் நிபுணர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், வட ஆற்காடு மாவட்ட மருத்துவர்கள் தாங்கள் கண்ட தொற்றுநோயை அஞ்சலட்டையில் எழுதிப்போட ஓர் ஏற்பாடு செய்தார். ஒரு கார்டு வந்து சேர்ந்தால் ஒரு தெருவுக்கு முன்னெச்சரிக்கை கிடைத்தது. இன்று அந்தக் கார்டின் வேலையைச் செவிலியரிடம் நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை செய்யும்.

கேள்வி: 9 மாதத்தில் எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) ஊசி போட்ட பத்தாம் நாள் என் மகளுக்குக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வந்தன. இரண்டாவது ஊசி அவசியமா? மேலும், மீந்த மருந்தை என் கண்ணெதிரே ஒதுக்கிவிட்டார்கள், வீணல்லவா?
— ஒரு தந்தை, காட்பாடி

பதில்: ஊசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். அது உடலில் பெருகி எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் நாள்களில், அதாவது 7 முதல் 12 நாளுக்குள், சில குழந்தைகளுக்கு இப்படிக் காய்ச்சலும் தடிப்பும் வருவது இயல்பு. தானே தணிந்துவிடும், பிறருக்குத் தொற்றாது.

இரண்டாவது ஊசியை, முதல் ஊசியின் பலன் தேய்ந்துவிட்டதால் போடும் ‘பூஸ்டர்’ என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள்கள் சில குழந்தைகளின் இரத்தத்தில் 9 மாதத்திலும் மிச்சமிருந்து மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. எனவே முதல் ஊசி நூற்றில் ஏறத்தாழ 85 குழந்தைகளுக்கே பிடிக்கிறது. பிடிக்காத 15 பேர் யார் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாததால், 16 முதல் 24 மாதத்துக்குள் எல்லோருக்கும் மறுபடி போடுகிறோம்.

மருந்து உலர்பொடியாக வருகிறது. கரைத்த பின் 4 மணி நேரத்துக்கு மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது. குப்பியைத் திறந்த நேரத்தைச் செவிலியர் அதன் மேலேயே பேனாவால் குறித்திருப்பார். அடுத்த முறை பாருங்கள். கெட்டுப்போன மருந்தைக் குழந்தைக்கு ஏற்றாமல் ஒதுக்கினார் என்றால், அவர் தம் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

கேள்வி: மகனுக்கு 4 வயது. தடுப்பூசி அட்டை வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. போட்டோமா என்று நினைவில்லை. இரண்டு வயதில் அவனுக்கு ‘அம்மை’ வந்து போனது.
— ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: அம்மை என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பல நோய்களை அடைத்துவிட்டோம், வந்தது எது என்று இப்போது சொல்வதற்கில்லை. ஏற்கெனவே போட்டிருந்து மறுபடி போட்டாலும் தீங்கில்லை என்பதால், அட்டையைத் தேடிக்கொண்டிராமல் வரும் புதன்கிழமையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 5 வயது வரை விடுபட்ட ஊசியை அங்கே இலவசமாகப் போடுவார்கள். இரண்டு தவணைக்கும் இடையே குறைந்தது 4 வாரம் வேண்டும். புதிய அட்டையையும் கேட்டு வாங்கி, கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.