ஒன்றரை ஷிப்டு

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். வயல் கூலி பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். வரப்பு வெட்டும் ஆணுக்கு ஒரு கூலி, களை எடுக்கும் பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்பதைச் சொல்லி, எல்லா வேலை இடங்களிலும் நடப்பது இதுதான் என்று முடித்திருந்தீர்கள். அந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை.

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். என் டீமில் 22 பேர். அதில் 9 பேர் பெண்கள். ஒரே பதவியில் சேருகிறவர்களுக்கு ஒரே சம்பளம்தான். ஆனாலும் ஆறேழு வருடம் போனால் ஆண்கள் அதிகம் வாங்குகிறார்கள் என்பது உண்மை. அதற்குக் காரணம் பாரபட்சம் இல்லை. ஆண்கள் கூடுதல் நேரம் இருக்கிறார்கள், இரவு ஒன்பதரை மணிக்கு வரும் கிளையன்ட் போனை எடுக்கிறார்கள், வெளிநாடு போகச் சொன்னால் கிளம்புகிறார்கள். சம்பள உயர்வை வாய்விட்டுக் கேட்கிறார்கள். பெண்கள் கேட்பதில்லை. ஒரே வேலை, ஒரே நேரம், ஒரே அனுபவம் என்று வைத்து ஒப்பிட்டால் இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும் என்று பொருளாதார ஆய்வாளர்களே சொல்கிறார்கள். அப்படியென்றால் இது அவரவர் தேர்வுதானே? என் மனைவியும் இதே துறையில் இருந்தவர். மகள் பிறந்ததும் அவராகவே விருப்பப்பட்டு வேலையை விட்டார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அடுத்த மாதம் அப்ரைசல், டீமின் வேலையை மதிப்பிட்டு நான் ரேட்டிங் போட வேண்டும். மனசாட்சிக்கு விரோதமாக எதையும் செய்ய எனக்கு விருப்பமில்லை. நீங்கள் சொல்வது சரியென்றால் நான் எதை மாற்ற வேண்டும்?

எஸ்., கோவை

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசிக் கேள்விக்காகவே விரிவாக எழுதுகிறேன். முதலில் உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இடைவெளி முழுவதற்கும் முதலாளியின் கெட்ட எண்ணமே காரணம் என்பது போல என் கட்டுரையின் கடைசிப் பத்தி இருந்தது. அது தவறு. நேரம், இரவு போன், பயணம் என்று நீங்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் நிஜம். ஆனால் நீங்கள் அந்த இடத்தில் விசாரணையை முடித்துக்கொள்கிறீர்கள். அந்த நேரம் ஒருவருக்கு இருப்பதும் இன்னொருவருக்கு இல்லாமல் போவதும் எப்படி என்று நான் கேட்கிறேன்.

எழுத வருவதற்கு முன் ஆறு வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தேன். சனிக்கிழமை சம்பளம். வெள்ளி இரவுக்குள் ரிஜிஸ்டரை முடித்தாக வேண்டும். அங்கே நாள் கணக்கு கிடையாது, ஷிப்டுக் கணக்குதான். காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்டு. இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை. டெய்லருக்கு ஷிப்டு ரேட் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான், பத்துப் பைசா வித்தியாசம் கிடையாது. ஆனால் வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஆண்கள் பெயருக்கு நேராக ஒன்பது, எட்டரை என்று வரும். பெண்கள் பெயருக்கு நேராக ஆறு, ஆறரை. ரேட் ஒன்று, நேரம் வேறு, இதில் அநியாயம் எங்கே இருக்கிறது என்று நானும் அப்போது உங்களைப் போலத்தான் நினைத்தேன்.

தைத்த துணியில் குறை தேடும் செக்கிங்கில் ஒரு அக்கா இருந்தார். கட்டிங் மேசையில் வேலை கற்றுக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தன்னைப் போடச் சொல்லிக் கேட்டார். கட்டிங்கில் ரேட் அதிகம். சூப்பர்வைசர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தினமும் ராத்திரி எட்டரை வரைக்கும் நிக்க முடியுமா?" அக்காவுக்கு ஆறு வயதில் பையன். வீடு ஊத்துக்குளிப் பக்கம். ஐந்தரைக்குக் கிளம்பும் கம்பெனி வேனை விட்டால் இருட்டில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். "முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பிவிட்டார். அந்த ஒரு நிமிடம் என் ரிஜிஸ்டரில் எங்கேயும் ஏறவில்லை. பின்னால் அதைப் புரட்டிப் பார்க்கும் ஆய்வாளருக்கு, அவர் செக்கிங்கையும் ஒற்றை ஷிப்டையும் தேர்ந்தெடுத்தார் என்று மட்டும்தான் தெரியும். அந்த வாரம் கட்டிங்கில் சேர்ந்தவருக்கும் ஒரு சின்னப் பையன் இருந்தான். அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

நீங்கள் சொல்லும் ஒப்பீட்டின் சிக்கல் இதுதான். ஒரே பதவி, ஒரே நேரம் என்று வைத்துப் பார்த்தால் இடைவெளி சுருங்கும், சரி. ஆனால் அந்தப் பதவிக்கும் அந்த நேரத்துக்கும் யாரால் வந்து சேர முடிந்தது என்பதைக் கணக்கிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தானே அந்த ஒப்பீட்டைச் செய்கிறோம்?

2023-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதைத்தான் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். சிகாகோவில் எம்.பி.ஏ. முடித்தவர்களை அவரும் இன்னும் இருவரும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வேலையில் சேரும்போது ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம் வாங்கினார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் பெரிய பிளவு வந்துவிட்டது. குழந்தை பிறந்த பிறகு பெண்களின் வேலையில் விழுந்த இடைவெளியும் குறைந்த மணி நேரமும்தான் அதில் பெரும்பங்கு. உங்கள் டீமின் கதையே இதுதான். அறுபது மணி நேரம் உழைப்பவருக்கு நாற்பது மணி நேரக்காரரைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சில துறைகளில் அதைவிட மிக அதிகமாகக் கிடைக்கிறது. எந்நேரமும் கூப்பிட்டால் வரவேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு விலை. இவற்றைப் பேராசை பிடித்த வேலைகள் என்கிறார் கோல்டின். ஒரு வீட்டில் இரண்டு பேரும் அப்படிப்பட்ட வேலையில் இருந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும்போது போக ஆள் இருக்காது. அதனால் ஒருவர் விட்டுக்கொடுக்கிறார். அது யார் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது.

டென்மார்க்கைப் பாருங்கள். பெண்களுக்கு அவ்வளவு வசதி செய்து கொடுத்திருக்கும் நாடு. அங்கேயும் முதல் குழந்தை வரை ஆண், பெண் வருமானம் சேர்ந்தே ஏறுகிறது. குழந்தை பிறந்ததும் பெண்ணின் வருமானம் விழுந்து, நீண்ட காலத்தில் சுமார் 20 சதவீதம் பின்தங்கியே நிற்கிறது. ஆணின் வருமானம் அசைவதே இல்லை. நம் நாட்டில் 2019-இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அந்த ஆண்களே நாலில் ஒருவர்தான். மற்ற மூன்று பேர் அந்தப் பக்கமே போகவில்லை. ஐந்து மணி நேரத்தை அடுப்படியில் போட்டவரிடம் இரவு ஒன்பதரை மணி போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறோம்.

இதை மாற்றவே முடியாது என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். அமெரிக்காவில் மருந்தாளுநர் தொழிலில் மாறியது. ஒரு காலத்தில் சொந்தக் கடை வைத்து, ராத்திரி பகல் பாராமல் அவரே நிற்க வேண்டிய தொழில் அது. பிறகு சங்கிலிக் கடைகளும் மருத்துவமனைகளும் வந்தன. நோயாளியின் விவரம் கம்ப்யூட்டருக்குப் போனது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடரலாம் என்று ஆனது. குறைந்த நேரம் வேலை செய்தால் அந்த நேரத்துக்குரிய அளவு சம்பளம், தண்டனை எதுவும் இல்லை. ஆண், பெண் இடைவெளி மிகக் குறைந்த உயர்சம்பளத் தொழில்களில் ஒன்றாக அது மாறிவிட்டது. யாருக்கும் உபதேசம் செய்து இது நடக்கவில்லை. வேலையின் அமைப்பு மாறியதால் நடந்தது.

நேரத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதை விட்டுப்போகும். எந்த வேலையைத் திறமை என்கிறோம் என்பதும் இருக்கிறது. செக்கிங் அக்காவின் கையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். டியூப் லைட் வெளிச்சத்தில் டி-ஷர்ட்டை விரித்து, உள்ளே கையை விட்டுப் புறங்கை மேல் துணியை இழுத்துப் பிடிப்பார். தோள் தையல், கழுத்துப் பட்டி, பக்கத் தையல், அடி மடிப்பு. ஊசித்துளை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எதுவும் தப்பாது. ஒரு பீஸுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சரக்கு வாங்கும் பையரின் ஆள் வந்து பத்துப் பீஸை உருவிப் பார்க்கும் நாளில் கம்பெனியின் மானம் அந்த விரல்களில்தான் இருந்தது. ஆனாலும் செக்கிங் சின்ன ரேட். அது பெண்கள் செய்கிற வேலை, கண்ணும் பொறுமையும் அவர்களுக்குப் பிறவியிலேயே இருக்கிறது, அதற்கு எதற்குத் தனிக் காசு என்பதுதான் அங்கே இருந்த எண்ணம்.

1968-இல் கிழக்கு லண்டனின் டேகன்ஹாமில், ஃபோர்டு கார் தொழிற்சாலையில் சீட் உறை தைத்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்தது இதற்காகத்தான். தையலைத் திறன் குறைந்த வேலை என்று தரம் பிரித்துவிட்டார்கள் என்பதே அவர்களுடைய புகார். கூலி உயர்ந்தது, 1970-இல் பிரிட்டனில் சம ஊதியச் சட்டமும் வந்தது. ஆனால் தையல் ஒரு திறமை என்று ஒப்புக்கொள்ள வைக்க இன்னொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. அது 1984-இல்தான் நடந்தது. பணம் கொடுப்பதைவிடத் திறமை என்று ஒப்புக்கொள்வது அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது.

நம் 1976-ஆம் வருடத்துச் சம ஊதியச் சட்டமும் இங்கேதான் நின்றுவிட்டது. 'ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை' என்றது அது. 2019-இல் நிறைவேறி, 2025-இல் அதன் இடத்துக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே வழியில்தான் போகிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் நூறாவது உடன்படிக்கை 'சம மதிப்புள்ள வேலை' என்று சொல்கிறது. அதை 1958-லேயே இந்தியா ஏற்றுக்கொண்டது. ஆட்ரி டிகோஸ்டா என்ற ஸ்டெனோகிராபர், ஆண் ஸ்டெனோகிராபர்களுக்கு மட்டும் கூடுதல் சம்பளம் தந்த மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தோடு உச்ச நீதிமன்றம் வரை போராடி 1987-இல் ஜெயித்தார். அவருக்குப் பக்கத்தில் அதே வேலையைச் செய்த ஆண்கள் இருந்தார்கள், ஒப்பிட முடிந்தது. செக்கிங் மேசையில் ஒப்பிட ஒரு ஆண்கூட இல்லையே, அந்த அக்கா யாரைக் காட்டி வழக்குப் போடுவார்?

பெண்கள் கேட்பதில்லை என்கிறீர்கள். கட்டிங் மேசையைக் கேட்டு வந்தவரை இப்போது உங்களுக்குத் தெரியும். அவர் மறுபடி கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிரசவ விடுப்பைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்றாலும், அப்ரைசல் அறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே அது உட்கார்ந்திருக்கும். 2017-இல் விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள், நல்லது. ஆனால் உங்கள் நிறுவனம் போன்ற இடங்களில் முழுச் செலவும் முதலாளி தலையில் விழுகிறது. கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்கும்போது அந்தக் கணக்கு மனசுக்குள் ஓடும். திருப்பூரில் ஈ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டுக்குள் வரும் பெண்ணுக்கு ஈ.எஸ்.ஐ.தான் அந்தப் பணத்தைக் கொடுக்கிறது. ஆண், பெண் எல்லோருக்காகவும் கட்டிய பணத்திலிருந்து வருவதால் எந்த ஒரு பெண்ணும் எந்த ஒரு கம்பெனிக்கும் தனிச் செலவாகத் தெரிவதில்லை. ஈ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களுக்கும் இப்படி ஒரு பொது நிதி வேண்டும். அப்பாவுக்கும் விடுப்பு வேண்டும். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் இருக்கிறது. தனியார் துறையில் அதற்குச் சட்டமே கிடையாது.

சரி, அடுத்த மாதத்துக்கு வருவோம். ரேட்டிங் தாளைத் திறப்பதற்கு முன்னால், போன வருடம் இரவு ஒன்பதரை மணி போனை யார் யார் எத்தனை தடவை எடுத்தார்கள் என்று எழுதிப் பாருங்கள். அதில் எத்தனை அழைப்புகளைக் காலை நேரத்துக்கு மாற்றலாம் என்று கிளையன்டிடம் கேளுங்கள். மாற்ற முடியாததை எல்லோருக்கும் முறை வைத்துப் பிரியுங்கள். முடியாது என்று போன வருடம் ஒரு தடவை சொன்னவரிடம் இந்த வருடம் மறுபடி கேளுங்கள். அவருடைய குழந்தை ஒரு வயது வளர்ந்திருக்கும். வெளிநாட்டு வாய்ப்பு வந்தால் 'அவங்க வர மாட்டாங்க' என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஒன்பது பேரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். யாரும் கேட்காவிட்டாலும் ஒரே நிலையில் இருப்பவர்களின் சம்பளத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் மனைவியைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் நீங்களே குறிப்பிட்டதால் கேட்கிறேன். அவர் விருப்பப்பட்டுத்தான் விட்டார் என்பதை நம்புகிறேன். குழந்தையோடு இருக்க ஆசைப்படுவதில் ஒரு குறையும் இல்லை. அந்த முடிவை எடுத்த நாட்களில் வீட்டில் பேசியிருப்பீர்கள். உங்கள் வேலையை விடலாமா, அல்லது நீங்கள் ஒரு வருடம் சின்னப் பொறுப்புக்கு இறங்கலாமா என்று அந்தப் பேச்சில் ஒரு தடவையாவது வந்ததா? மகளுக்கு இப்போது என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. அவர் திரும்ப வேலைக்கு வர நினைக்கிறாரா என்று இன்று ராத்திரி கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால், ஒன்பதரை மணிக்கு வீட்டில் யார் இருப்பது என்பதையும் இருவருமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அன்புடன்.