கணவாய்த் தூண்டில் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

கடலோர வாழ்க்கை குறித்த தங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். இராமநாதபுரத்தில் வங்கி ஒன்றில் பணியாற்றுகிறேன். மீன்பிடித் தொழில் அறிந்த குடும்பம் அல்ல. சென்ற ஆண்டு தூண்டில் ராடும் ரீலும் வாங்கினேன். மண்டபம் கரையில் ஊளி, பாறை மீன்கள் அவ்வப்போது கிடைக்கின்றன. கணவாய் மட்டும் அமையவில்லை. ஜப்பானியக் காணொளிகளில் பார்த்தபடி ராடை உதறி உதறி இழுக்கிறேன். இரண்டு முறை கனம் தெரிந்தும் கரைக்கு வருவதற்குள் விட்டுப்போய்விட்டது. ஜிக்கின் (இறால் வடிவச் செயற்கை இரையின்) நிறம் தவறா? விலை உயர்ந்த ராடு வேண்டுமா? எப்போது, எந்தக் கரைக்குப் போக வேண்டும்? என் பத்து வயது மகளும் உடன் வர ஆசைப்படுகிறாள், அழைத்துச் செல்லலாமா?

ம., இராமநாதபுரம்

அன்புள்ள ம.,

ராடை உதறுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உதறியபின் என்ன செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. கற்க வேண்டியது முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஜிக் மேலே துள்ளும்போது கணவாய் அதைக் கவனிக்கிறது, நெருங்கி வருகிறது. ஆனால் ஜிக் கீழே இறங்கும்போதோ ஓரிடத்தில் அசையாமல் நிற்கும்போதோதான் அதைப் பிடிக்கிறது. காணொளியில் கண்ணுக்குத் தெரிவது உதறல். அதை அடுத்து வரும் ஐந்தாறு விநாடி அமைதியில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் அதை யாரும் மனத்தில் வாங்கிக்கொள்வதில்லை.

உங்கள் கரையில் ராடுக்கு அகப்படக்கூடிய முக்கியமான கணவாய் எது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உடல் நெடுகிலும் அகன்ற துடுப்பு ஓடுவதால் பார்வைக்கு ஓட்டுக்கணவாய் போலத் தோன்றும், ஆனால் அறுத்தால் உள்ளே சுண்ணாம்பு ஓட்டுக்குப் பதிலாகக் கண்ணாடி போன்ற மெல்லிய தண்டு மட்டும் இருக்கும் இனம் அது. இந்திய மீன்வள நூல்கள் அதைப் பாக் விரிகுடாவின் பெயராலேயே குறிப்பிடுகின்றன. ஜப்பானியர் தங்கள் காணொளிகளில் பெரிதும் தேடுவதும் இந்த வகையைத்தான். கடற்புல்லும் பாரும் (கடலடிப் பாறைத்திட்டும்) கலந்த, தெளிந்த, ஆழம் குறைந்த நீரில் அது வாழ்கிறது. ஆகவே நீங்கள் வாங்கிய ஜிக் உங்கள் கடலுக்கு அந்நியமானதல்ல. அதன் எடைதான் பொருந்தாமல் இருக்கக்கூடும்.

ஜப்பானியர் ‘எகி’ என்று அழைக்கும் இந்த இறால் வடிவ ஜிக்கை, நூற்றாண்டுகளுக்கு முன்பு அவர்கள் நாட்டின் தென்பகுதியில் மரத்தில் செதுக்கினார்கள். இன்று கடையில் கிடைப்பவற்றில் 3.5 எண் என்பது ஏறத்தாழ 20 கிராம். ஒரு மீட்டர் இறங்க மூன்று விநாடி அளவில் எடுத்துக்கொள்ளும். அது ஆழமான பாறைக் கரைகளுக்கு ஏற்றது. பாக் விரிகுடாவோ பல இடங்களில் பத்து மீட்டர் ஆழம்கூட இல்லாதது. கரையிலிருந்து நீங்கள் எறியும் தொலைவில் இரண்டு மூன்று மீட்டர் இருந்தால் அதிகம். அங்கே 3.5 எண் ஜிக் கணவாய் முடிவெடுப்பதற்குள் புல்லில் புதைந்துவிடும். 2.5 அல்லது 3 எண்ணில், மெதுவாக இறங்கும்படி செய்யப்பட்ட வகையைக் கேட்டு வாங்குங்கள். நீவாடு (நீரோட்டம்) கடுமையாக இருக்கும் நாளில் மட்டும் கனமானதைக் கட்டலாம்.

இனி செய்முறை. முதல் எறிதலில் ஜிக்கைத் தரைவரை விட்டு, அது இறங்கும் நேரத்தை மனத்துக்குள் எண்ணுங்கள். நூல் தளர்ந்தால் தரை தொட்டுவிட்டது. எட்டு எண்ணிக்கையில் தொட்டது என்றால் அடுத்த எறிதலில் ஆறிலேயே நிறுத்தி, ராடை இரண்டு மூன்று முறை மேல்நோக்கி உயர்த்திவிட்டு, நூலில் மிக இலேசான இறுக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி இறங்க விடுங்கள். அந்நேரத்தில் உங்கள் கண் நூலின் மீது, அது தண்ணீருக்குள் நுழையும் இடத்தில் இருக்க வேண்டும். கணவாயின் பிடி பெரும்பாலும் கைக்குத் தெரிவதற்கு முன் நூலில் தெரிகிறது: வளைந்து கிடந்த நூல் சட்டென்று நேராகும், அல்லது எட்டு வரை எண்ண வேண்டிய இடத்தில் நாலிலேயே தொய்ந்துபோகும், அல்லது நீவாட்டுக்கு எதிராகப் பக்கவாட்டில் ஓர் அடி நகரும். இவற்றில் எது நடந்தாலும் ராடை உயர்த்துங்கள். வெளிர்நிறப் பிரெய்டு (பின்னல்) நூலை நான் வற்புறுத்துவது இதனால்தான். முனையில் ஒன்றரை மீட்டர் ஃபுளூரோகார்பன் நரம்பு போதும்.

கனம் தெரிந்து விட்டுப்போன அந்த இரண்டையும் பற்றிச் சொல்ல வேண்டும். ஜிக்கின் வால்புறத்தில் குடை விரித்தாற்போல இரண்டு அடுக்காக நிற்கும் ஊசிகளுக்கு எதிர்முள் கிடையாது. கணவாய்க்கு எட்டுக் கைகளும், அவற்றைவிட நீண்ட இரண்டு பற்றுக்கைகளும் உண்டு. இரையை நோக்கி முதலில் நீள்வன அந்தப் பற்றுக்கைகள். பெரும்பாலான நேரம் ஊசி அவற்றில் ஒன்றில் மட்டுமே ஏறியிருக்கும். ஊளியை இழுப்பதுபோல ராடைத் தாழ்த்தித் தாழ்த்திச் சுற்றினால், தாழ்த்தும் கணத்தில் நூல் தளர்ந்து ஊசி நழுவுகிறது. ரீலின் பிடியை இறுக்கி வைத்தால் பற்றுக்கை அறுந்து ஜிக்கோடு வருகிறது. ரீலைச் சற்றே இளக்கமாக வைத்து, ராடை ஒரே உயரத்தில் நிறுத்தி, சீராகச் சுற்றுங்கள். அது நீரைப் பீய்ச்சிப் பின்வாங்கும் ஒவ்வொரு முறையும் நூல் கொஞ்சம் ஓடும். ஓடவிட்டு, நின்றதும் தொடருங்கள். கரையருகே வந்ததும் உடனே தூக்காமல், மையை நீருக்குள்ளேயே கக்க விடுங்கள். கைவலையைக் கணவாயின் வால்புறத்தில் வைத்தால், மிரண்டு பின்வாங்கும்போது தானே அதற்குள் வந்துவிடும்.

நிறத்தைப் பற்றி நீங்கள் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. பெரும்பாலான கணவாய்களின் கண்ணில் ஒரேயொரு ஒளி நிறமிதான் உள்ளது. நாம் காண்பதுபோல் அவை நிறங்களைப் பிரித்துக் காண்பதில்லை என்பதே அறிவியலாளர் பலரின் கருத்து. வெளிச்சத்தையும் நிழலையும் வேறுபடுத்துவதில்தான் அவை கூர்மையானவை. வெளிர் ஒன்று, அடர்நிறம் ஒன்று போதும். இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் முதுகில் பூசப்படுவதன் பெரிய பயன், ஜிக் எங்கே வருகிறது என்பதை நீங்கள் பார்க்க முடிவது. விலை உயர்ந்த ராடும் இப்போது வேண்டாம். கன்னியாகுமரி, விழிஞ்ஞம் கரைகளில் கைத்தூண்டிலிலேயே கணவாய் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நூலைப் படிக்க அவர்களிடம் ஒரு மாலை உட்கார்ந்து பார்ப்பதற்கு இணையான பாடம் வேறு இல்லை.

எப்போது என்ற கேள்விக்கு மாதத்தைவிடக் காற்றுதான் விடை. வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் (பாக் விரிகுடா) கலங்கிக் கிடக்கும்; அப்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் போங்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்க, வடகடல் தெளிந்திருக்கும். மண்டபத்தில் இரண்டு கடலும் நடக்கும் தொலைவில் இருப்பது உங்களுக்கு வாய்த்த பேறு. பெருமழை பெய்து நன்னீர் இறங்கிய இடங்களைச் சில நாள் தவிருங்கள். சூரியன் மறைவதை ஒட்டிய ஒரு மணி நேரமும் விடியலும் நல்லவை. இரவில் கரைவிளக்கு விழும் இடத்தில், வெளிச்சத்தின் நடுவில் எறியாமல் அது இருளோடு சேரும் விளிம்பில் எறியுங்கள். குஞ்சு மீன்கள் வெளிச்சத்தில் திரளும், கணவாய் நிழலில் காத்திருக்கும். எந்த இடம் என்று தெரியாவிட்டால் பகலில் போய்த் தூண்டில் வளைவின் (கடலுக்குள் நீளும் கல்தடுப்பின்) கற்களையும் படகுத்துறையின் தரையையும் பாருங்கள்: காய்ந்த கருந்தெறிப்புகள் இருந்தால் அங்கே அண்மையில் கணவாய் ஏறியிருக்கிறது. படகுத்துறையில் நிற்க அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் பக்கம் எவர் அழைத்தாலும் போகாதீர்கள். வலிய விளக்குகளைக் கொண்டுவந்து கடலில் பாய்ச்சும் பழக்கமும் வேண்டாம். செயற்கை ஒளியைக் கொண்டு மீன்பிடிப்பதை ஒன்றிய அரசு 2017-இல் தடை செய்திருக்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். இந்தக் கணவாயின் வாழ்நாள் ஏறத்தாழ ஓர் ஆண்டுதான். முட்டையிட்டபின் அது நெடுநாள் இருப்பதில்லை. புல்லிலும் கயிற்றிலும் விரல் விரலாக வெண்ணிறப் பைகள் கொத்தாகத் தொங்குவதைக் கண்டால் அவை அதன் முட்டைகள். அந்த இடத்தில் எறியாதீர்கள், அருகில் சுற்றும் பெரியவற்றைத் தொடாதீர்கள். வீட்டுக்கு ஒரு வேளைக் குழம்புக்கு வேண்டியது கிடைத்ததும் ராடை மடக்கிவிடுங்கள். பிடித்ததைத் துடிக்க விட்டுவைப்பதும் தவறு: கண்களுக்கு நடுவே சற்றுப் பின்னால் கத்திமுனையை இறக்கினால், விரிந்து சுருங்கிக்கொண்டிருந்த பழுப்புப் புள்ளிகள் அடங்கி உடல் வெளுத்துவிடும். பிறகு பையில் கட்டிப் பனிக்கட்டியில் வையுங்கள். உருகிய நீர் பட்டால் சுவை போய்விடும்.

மகளைத் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள், ஆனால் தூண்டில் வளைவுக்கு வேண்டாம். பாசி படிந்த அந்தக் கற்களில் இருட்டில் பெரியவர்களே வழுக்கி விழுகிறார்கள். அலை அடங்கிய மணற்கரையில், இருட்டுவதற்கு முன் திரும்பிவிடும்படி போங்கள். ஜிக்கின் ஊசிகளுக்கு உறை போட்டே கையில் கொடுங்கள். நூலைப் பார்த்து எண்ணும் வேலையை அவளிடம் விடலாம். குழந்தைகள் அதில் நம்மைவிடப் பொறுமையாக இருக்கிறார்கள்.