அசின் மான்சோ நடை: திசையை மாற்றுங்கள்

கானாவில், அடிமைகளைக் கப்பலேற்றிய கேப் கோஸ்ட் கோட்டையிலிருந்து வடக்கே உள்ள அசின் மான்சோ ஊருக்கு அம்மாவுடன் ஒரே நாளில் நடக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சுமார் 40 கிலோமீட்டர். லாரிகள் விரையும் குமாசி சாலை, அதோடு வெயில். இரண்டு நாளாகப் பிரித்து, விடியற்காலையில் கிளம்புங்கள். அம்மாவுக்காக ஒரு வண்டி பின்னாலேயே வரட்டும்.

அப்புறம், திசையை மாற்றிக்கொள்ளுங்கள்: அசின் மான்சோவில் தொடங்கிக் கோட்டைக்கு வாருங்கள். வடக்கிலிருந்து விலங்கிட்டு நடத்திவரப்பட்ட அடிமைகளை அசின் மான்சோ ஆற்றில் கடைசியாகக் குளிப்பாட்டித்தான் கடற்கரைக்கு ஓட்டிவந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தண்ணீரில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அருகிலேயே இரண்டு கல்லறைகள் உண்டு. ஜமைக்காவிலும் அமெரிக்காவிலும் அடிமைகளாக இருந்த இருவரின் எச்சங்களை 1998இல் கொண்டுவந்து புதைத்த இடம் அது. கடல் பக்கமிருந்து, அடிமைகளைக் கப்பலுக்கு அனுப்பிய அதே 'திரும்பா வாசல்' வழியாகவே கோட்டைக்குள் அவர்களை அழைத்துவந்தார்கள். உங்கள் நடையும் அந்த வாசலில் முடியட்டும். கோட்டையை மாலையில் மூடிவிடுவார்கள், மதியத்துக்குள் போய்ச் சேரப் பாருங்கள்.