என்ஓசி கையில் வருமுன் முடிக்க வேண்டியவை

கேள்வி: செங்கோட்டை பக்கம் புளியரையில் இருக்கிறேன். ஏழு மாதம் முன்பு புனலூர்க்காரர் ஒருவரிடம் கேஎல் 25 கார் வாங்கினேன். பெயர் மாற்றத்துக்கான பாரம் 29, 30இல் கையெழுத்து வாங்கியாயிற்று. தென்காசி ஆர்டிஓவில் கேரளத்தின் என்ஓசி (தடையில்லாச் சான்று) கேட்கிறார்கள். ஆன்லைனில் போட்டால் செலான் பாக்கி என்று நிற்கிறது. ஆர்சியில் பேங்க் பெயர் இருக்கிறது, சேசிஸ் நம்பரிலும் ஓர் எழுத்து ஒத்துவரவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: புனலூரில்தான். என்ஓசியை வாங்கிவிட்டு மற்றதைத் தென்காசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் கேட்காதீர்கள். கேரளப் பதிவில் உள்ள பிழையைத் தென்காசியில் திருத்த மாட்டார்கள். என்ஓசி போட்ட பிறகு ஓர் எழுத்தை மாற்றுவதற்கும் அதை ரத்து செய்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

புனலூரில் போடும் விண்ணப்பங்களை ஆர்சியில் பெயர் உள்ளவர்தான், அதாவது விற்றவர்தான் போட முடியும். ஓடிபியும் அவர் மொபைலுக்கே போகும். அவர் இழுத்தடித்தால் ஒன்றை நினைவுபடுத்துங்கள்: பெயர் மாறாதவரை விபத்து நஷ்டஈட்டுக்கு ஆர்சியில் இருப்பவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரும்பாலும் மறுநாளே வந்துவிடுவார். வெளிமாநிலத்துக்கு விற்றவர் 45 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் தகவல் கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் தாண்டிவிட்டதால் தாமதத்துக்கு அபராதம் வரும், கட்டிவிடுங்கள்.

முதலில் செலான். கேரளத்தில் 2023 ஜூன் முதல் ஏஐ கேமராக்கள் அபராதம் போடுகின்றன. விற்ற பிறகு நீங்கள் ஆரியங்காவு தாண்டிப் போய் மாட்டியதும் அவர் பெயரில்தான் விழுந்திருக்கும். தேதியைப் பார்த்துப் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். இ-செலான் பக்கத்தில் கட்ட முடியாத பழைய செலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (ஆன்லைன் விர்ச்சுவல் கோர்ட்) போயிருக்கலாம், அங்கே தேடுங்கள். கட்டியும் தடை நீங்காவிட்டால் ரசீதோடு செலான் போட்ட அலுவலகத்தைக் கேட்க வேண்டும்.

கடன் முடிந்தாலும் பேங்க் பெயர் ஆர்சியிலிருந்து தானாகப் போகாது. பேங்கின் கடிதமும், பேங்கும் உரிமையாளரும் கையெழுத்திட்ட பாரம் 35ம் வேண்டும். கடிதம் பழையதென்றால் புதுத் தேதியில் வாங்கிவிடுங்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது சேசிஸ் நம்பர். வண்டியில் பொறித்த 17 இலக்க எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஆர்சியில் ஓ இருந்தால் அது பூஜ்யம், ஐ இருந்தால் ஒன்று. தட்டச்சுப் பிழை என்று எளிதாகக் காட்டிவிடலாம். வேறு எழுத்து மாறியிருந்தால் முதல் விற்பனையின் பில், பாரம் 21 (விற்பனைச் சான்று), பென்சிலால் தேய்த்தெடுத்த சேசிஸ் பிரிண்ட் ஆகியவற்றோடு வண்டியையும் கொண்டுபோக வேண்டும். பொறித்த இடத்தில் வெல்டிங்கோ சுரண்டலோ தெரிந்தால் இந்த வேலை எதையும் தொடராதீர்கள். அது ஆர்டிஓ மேசையில் தீரும் விஷயமில்லை. பணத்தைத் திரும்பக் கேளுங்கள், போலீசிலும் சொல்லுங்கள்.

ஒரு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அடுத்தது சிக்கும் என்பதால் ஒவ்வொன்றாக முடியுங்கள். கடைசியாகப் பாரம் 28இல் என்ஓசி. அதில் தென்காசி, டிஎன் 76 என்று இருக்கிறதா, உங்கள் பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். இனிஷியல் முன்னே, பின்னே என்பதற்கெல்லாம் திருப்பி அனுப்புவார்கள்.

தென்காசியில் புது எண்ணுக்குப் பாரம் 27, கூடவே 29, 30, அசல் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று. வண்டியை நேரில் காட்டி, லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டும். வெளிமாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கக் கூடாது. உங்களுக்கு ஐந்து மாதம்தான் மிச்சம்.

இன்சூரன்ஸை இதற்கெல்லாம் காக்கவைக்காதீர்கள். 14 நாளில் பெயர் மாற்றக் கேட்டிருக்க வேண்டும். மூன்றாம் நபருக்கான காப்பு தானாக உங்களுக்கு வரும், வண்டிச் சேதத்துக்கானது வராது. பழையவரின் நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடு போய்விடும், பிரீமிய வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும்.

கேரளத்தில் கட்டிய 15 வருட வரியில் மீதியைத் திரும்பக் கேட்க வழியுண்டு, விண்ணப்பம் பழைய உரிமையாளர் பெயரில். வந்தால் பணம் யாருக்கு என்பதை என்ஓசி கையெழுத்தின்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.