ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓர் அழுகை

அன்புள்ள ஐயா,

பார்க்கும் படங்களைப் பற்றி நண்பர்கள் குழுவில் சில வரிகள் எழுதி, ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது என் வழக்கம். சென்ற வாரம் சத்யஜித் ராய் இயக்கிய வங்காளப் படமான 'பதேர் பாஞ்சாலி' பார்த்தேன். மிக மெதுவாக நகர்ந்ததால் பிற்பகுதியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். 'நல்ல படம், ஆனால் இழுவை' என்று எழுதி மூன்று மதிப்பெண் கொடுத்தேன். சினிமா தெரியாத உனக்கு இதைச் சொல்ல என்ன தகுதி என்றார் ஒரு நண்பர். கதையைச் சொல்லிவிட்டாய் என்று கோபித்தார் இன்னொருவர். சாதாரண ரசிகன் தான் பார்த்த படத்தைப் பற்றிப் பேசக்கூடாதா?

கே.

அன்புள்ள கே.,

தாராளமாகப் பேசுங்கள். சினிமாவைப் படித்துவிட்டு வந்தவர்களுக்காக மட்டும் யாரும் படம் எடுப்பதில்லை என்பதால், தகுதி பற்றிய பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம். கோபித்த நண்பருக்காக அடுத்த முறை தொடக்கத்தில் ஒரு வரி எச்சரிக்கை எழுதிவிடுங்கள், போதும். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்த ஒன்றரை மடங்கு வேகம்தான். கொஞ்ச நாளாகவே மனத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை அது கிளறிவிட்டது.

நீங்கள் வேகப்படுத்திய அந்தப் பிற்பகுதியில்தான் ஹரிஹர் வீடு திரும்புகிறார். மகள் துர்கா இறந்துபோனது அவருக்குத் தெரியாது. மனைவி சர்பஜயாவுக்கும் நமக்கும் தெரியும். அவர் உற்சாகமாகப் பேசியபடி, வாங்கி வந்த பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். அவள் எதுவும் சொல்வதில்லை. கடைசியில் துர்காவுக்கென்று வாங்கிய புடவையை நீட்டுகிறார். அதைப் பற்றிக்கொண்டு அவள் உடைந்து அழும்போது அவளது குரல் நமக்குக் கேட்பதில்லை. அதன் இடத்தில் தார் ஷெனாய் என்ற, வில்லால் இழைத்து வாசிக்கும் தந்திக் கருவியின் இசை வீறிட்டு எழுகிறது. அந்த அழுகையை நம்மால் தாங்க முடியாமல் போவதற்குக் காரணம், அதற்கு முன்பு அவள் வாய் திறக்காமல் இருந்த நேரம். அவர் ஒரு பொருளை எடுக்க, இப்போது சொல்லிவிடுவாள் என்று நாம் எதிர்பார்க்க, அவள் சொல்லாமலிருக்க, அவர் அடுத்ததை எடுக்கிறார். அந்த நேரத்தை எதுவரை நீட்டுவது என்று தீர்மானிப்பதே அங்கே சத்யஜித் ராய் செய்த வேலை. அதில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சியதைப் பார்த்து இழுவை என்கிறீர்கள்! கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: படத்தில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டீர்களே தவிர, நீங்கள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

இழுவையான படங்கள் இல்லாமல் இல்லை. ஒரு காட்சியைப் பாதியாகக் குறைத்தாலும் அது நமக்குள் செய்வது மாறாது என்றால் அது இழுவைதான், தயங்காமல் எழுதுங்கள். ஆனால் அப்படித் தீர்ப்புச் சொல்பவர், அந்தக் காட்சி கேட்கும் நேரத்தை முதலில் அதற்குக் கொடுத்திருக்க வேண்டும்.

என் பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படம் பார்த்துவிட்டு வந்தால் எங்களை உட்காரவைத்துக் கதை சொல்வார். நன்றாக இருந்தது, இல்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது. வந்த கடிதத்தைப் பிரிக்கத் துணியாமல் நிற்கும் ஒருத்தியைப் பற்றி ஒருமுறை சொன்னார். முந்தானை நுனியையே கடிதம்போல மடித்துப் பிடித்துக்கொண்டு, அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவியபடி நெடுநேரம் பேசாமல் இருந்தார். "அப்புறம் என்ன ஆச்சு பெரியம்மா?" என்று நாங்கள் நச்சரித்தோம். "இருங்கடா, அவ இன்னும் பிரிக்கலையே" என்றார். அந்தப் படத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை, அதன் பெயரும் தெரியாது. அந்தப் பெண்ணின் கையை மட்டும் நன்றாகத் தெரியும். பார்த்த படத்தைப் பகிர்ந்துகொள்வது என்று யார் சொன்னாலும் எனக்குப் பெரியம்மாதான் நினைவுக்கு வருகிறார். எந்த மதிப்பெண்ணும் அதைச் செய்ய முடியாது.

ராயும் ஒரு காலத்தில் இருட்டில் உட்கார்ந்து படம் பார்த்த ரசிகர்தான். விளம்பர நிறுவன வேலையாக 1950-ல் லண்டன் சென்றிருந்தபோது இத்தாலிய இயக்குநர் வித்தோரியோ டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' படத்தைப் பார்த்தார். தெருக்களிலேயே, தொழில்முறை நடிகர்கள் அல்லாதவர்களை வைத்து எடுக்கப்பட்ட அந்தப் படம், தானும் அப்படி ஒரு படத்தை எடுத்தே தீர்வது என்ற உறுதியை அவருக்குக் கொடுத்தது. நீங்கள் இழுவை என்று எழுதிய படம் 1955-ல் வெளிவந்தது அப்படித்தான். பார்த்த எல்லோரும் படம் எடுக்க வேண்டியதில்லை. பார்த்தது நமக்குள் எதை அசைத்தது என்று தேடிப் பார்க்கும் பொறுமையாவது வேண்டாமா?

மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். ஹரிஹர் திரும்பி வரும் இடத்திலிருந்து, படத்துக்குரிய வேகத்தில், இடையில் வேறெதிலும் கண்ணைத் திருப்பாமல் ஒருமுறை பாருங்கள். முடிந்த கையோடு குழுவில் எழுத ஓடாதீர்கள். சில நாட்கள் கழித்தும் உங்களை விடாமல் இருக்கும் ஒரே ஒரு காட்சியை, யார் எங்கே நின்றார்கள், யாருடைய கை என்ன செய்தது என்பதுவரை எழுதுங்கள். அதற்குப் பிறகும் இழுவை என்றே தோன்றினால் எந்த இடத்தில், ஏன் என்று சேர்த்து எழுதி எனக்கும் அனுப்புங்கள். நாம் அதைப் பற்றி வாதிடலாம்.