முன்தோல் நீக்கத்துக்குப் பிறகு வற்றாத வீக்கமும் விடாத அரிப்பும்

கேள்வி: எனக்கு வயது 34. முன்தோல் இறுக்கத்துக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஏழு வாரங்கள் ஆகின்றன. ஆணுறுப்பின் மொட்டுக்குக் கீழே, அடிப்பக்கத்தில் மெத்தென்ற வீக்கம் இன்னும் வற்றவில்லை. மூன்று வாரங்களாகத் தையல் ஓரம் சிவந்து அரிக்கிறது. மருந்துக் கடையில் கொடுத்த களிம்பைத் தடவினால் குறைகிறது, விட்டால் கூடுகிறது. லேசரில் மறுபடியும் சரிசெய்து தருவதாக வேறோர் இடத்தில் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: வீக்கமும் அரிப்பும் ஒரே இடத்தில் இருப்பதால் இரண்டும் ஒரே கோளாறு என்று எண்ணியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்த வரையில், வீக்கம் அறுவையால் வந்தது. அரிப்பு விடாமல் தொடர்வது பெரும்பாலும் களிம்பால்.

முன்தோலை வெட்டும்போது அதனூடே ஓடும் மெல்லிய நிணநீர்க் குழாய்களும் வெட்டுப்படுகின்றன. புதிய வழிகள் உருவாகும்வரை நீர் வடிய இடமின்றி, தையலுக்கும் மொட்டுக்கும் இடையில் எஞ்சியிருக்கும் தளர்ந்த தோலில், குறிப்பாக அடிப்பக்க மடிப்பில் தேங்கிவிடுகிறது. கட்டைவிரலால் சில நொடிகள் மெல்ல அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால், காலையில் சிறுத்து மாலையில் பெருத்தால், அது பெரும்பாலும் இந்த நீர்தான். பலருக்குச் சில வாரங்களில் வற்றும். சிலருக்கு மூன்று மாதங்கள்வரை, எப்போதாவது அதற்கு மேலும் இழுக்கும். சற்று இறுக்கமான பருத்தி உள்ளாடையில் உறுப்பை வயிற்றை நோக்கி மேல்முகமாக வைத்துக்கொள்வதுதான் இதற்கான முதல் வைத்தியம். கீழ்நோக்கித் தொங்கவிட்டால் நீரும் கீழேயே தங்கும். தையல் ஓரம் முழுமையாக ஆறும்வரை உடலுறவும் சுய இன்பமும் வேண்டாம்.

இனி களிம்புக்கு வருகிறேன். அந்தக் குழாயைத் திருப்பி, பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன் அல்லது குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு, நியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, பூஞ்சைக்கு குளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் ஆகிய மூன்றும் ஒரே குழாயில் இருக்கக்கூடும். என்ன நோய் என்று தெரியாதவர் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கும் கலவை இது. ஸ்டீராய்டு சிவப்பை மறைக்கும். உள்ளே பூஞ்சை இருந்தால் அதற்கு இடம் கொடுக்கும். ஏற்கெனவே மெல்லியதான அந்தத் தோலை மேலும் மெலிவாக்கும். நியோமைசினோ ஒவ்வாமைத் தடிப்பை உண்டாக்குவதில் பேர்போன மருந்து. தடவினால் குறைந்து விட்டால் கூடுகிறது என்று நீங்கள் எழுதியதே என் சந்தேகத்துக்குப் போதுமான காரணம். அதை நிறுத்துங்கள். முதல் சில நாட்கள் அரிப்பு கூடலாம். அதற்குப் பயந்து மறுபடியும் தொடங்காதீர்கள். சோப்பும் கிருமிநாசினித் திரவமும் இல்லாமல் வெதுவெதுப்பான நீரில் கழுவி, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மணமற்ற பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய படலமாகப் பூசுங்கள். ஒரு வாரத்தில் தணியாவிட்டால் தோல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். அதோடு இரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். வயது வந்த பிறகு முன்தோல் இறுகுவது சிலருக்கு நீரிழிவின் முதல் அறிகுறியாக இருப்பதுண்டு, சர்க்கரை கூடினால் பூஞ்சையும் விடாது.

ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நோய்க்கு அதுவே சரியான மருந்து. லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற அந்த நோயில் முன்தோலும் மொட்டின் மேற்பரப்பும் வெளிறி, காகிதம்போல் சுருங்கித் தடிக்கும். பெரியவர்களின் முன்தோல் இறுக்கத்துக்கு அது முக்கியமான காரணங்களுள் ஒன்று. முன்தோலை நீக்கிய பிறகும் சிலருக்கு மொட்டிலும் தையல் ஓரத்திலும் தொடரும், சிறுநீர்த் துளையைக்கூட இறுக்கிவிடும். அதற்கு வீரியமான ஸ்டீராய்டை, இத்தனை நாள், இந்த அளவு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துக் கண்காணிப்பார். அந்த நோய் இருந்ததா என்பதை வெட்டியெடுத்த தோலின் திசுப் பரிசோதனை சொல்லியிருக்கும். ஆனால் எத்தனையோ இடங்களில் அந்தத் தோல் பரிசோதனைக்கே போகாமல் குப்பைக்குப் போய்விடுகிறது. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில் ‘தையல் தானே கரையும்’ என்ற ஒரு வரியைத் தவிர எதுவும் இருப்பதில்லை. மறுபரிசோதனைக்குப் போனால் இரண்டு நிமிடத்தில் ‘நன்றாக இருக்கிறது’ என்று அனுப்பிவிடுகிறார்கள். இப்படிச் சொல்லாமல் விட்டதையெல்லாம் மருந்துக் கடைக்காரர் நிரப்புகிறார். உங்கள் அறிக்கை எங்கே என்று கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

லேசர் என்பது கத்திக்குப் பதிலான ஒரு வெட்டும் கருவி, அவ்வளவே. தேங்கிய நீரை அது உறிஞ்சிவிடாது. வீங்கிய தோலை ஏழாவது வாரத்தில் மறுபடியும் வெட்டினால், மிஞ்சியிருக்கும் நிணநீர் வழிகளும் அறுபடும். வற்றிய பிறகு தோல் போதாமல் இழுக்கும். ஆறு மாதமாவது கழியாமல் மறு அறுவைப் பேச்சே வேண்டாம். ‘இன்றே வந்தால் சலுகை’ என்று தொலைபேசியில் நச்சரிப்பவர் மருத்துவர் அல்ல, ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குபவர்.

காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு, தோல் கறுத்துப்போதல், சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். கழுவும்போது தையல் ஓரத்தில் மீன்முள்போல் ஏதேனும் விரலில் தட்டுப்பட்டால், அது கரையாமல் நின்ற இழையாகவோ, ஸ்டேப்லர் கருவியால் செய்திருந்தால் விழாமல் தங்கிய ஊசியாகவோ இருக்கும். அந்த இடத்தில் மட்டும் விடாமல் அரிப்பதற்கு அதுவே காரணமாகலாம். நகத்தால் பிடுங்காதீர்கள், சிறுநீரக அறுவை நிபுணர் இடுக்கியால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார்.