ஏற்றிய பிறகு ஏறும் வாடகை

கேள்வி: அண்ணாச்சி, தென்காசியிலிருந்து பாளையங்கோட்டை மகாராஜ நகருக்குக் குடிமாறினோம். இணையத்தில் பார்த்து ஒரு நிறுவனத்தில் வண்டி பேசினேன். பெரிய வண்டி, மூன்று லோடுமேன், ஏற்றுகூலி இறக்குகூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் என்றார்கள். இரண்டாயிரம் அட்வான்ஸ் அனுப்பினேன். ஆறு மணிக்கு வரவேண்டிய வண்டி பத்தரைக்கு வந்தது. அதுவும் சின்னது, ஒரே ஆள். ஆலங்குளத்தில் நிறுத்திவிட்டு, "இன்னும் நாலாயிரம் போட்டாத்தான் வண்டி நகரும்" என்று டிரைவர் போன் செய்தார். வேறு வழியில்லாமல் அனுப்பினேன். இறக்கும்போது பார்த்தால் பீரோ கண்ணாடி உடைந்திருக்கிறது, தையல் மெஷின் பலகை பிளந்திருக்கிறது. கேட்டால் "சென்னை ஆபீஸில் பேசுங்க" என்கிறார்கள். அங்கே யாரும் போனை எடுப்பதில்லை. இதற்கு வழி உண்டா?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உண்டு தங்கச்சி. பேட்டையில் பல வருஷம் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தியவன் நான். முந்தின லோடு இறக்க நேரமானால் அடுத்த வீட்டுக்கு வண்டி பிந்தத்தான் செய்யும். ஆனால் அதை விடியும் முன்பே போன் போட்டுச் சொல்லவேண்டும். சிலிண்டரைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளை வாசலில் உட்கார வைத்துக்கொண்டு, காப்பிகூடப் போட முடியாமல் காத்திருக்கிறவர்கள் படுகிற பாடு புக்கிங் எடுக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா? ஆலங்குளத்தில் நடந்ததைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுச் சாமான் முழுக்க வண்டிக்குள் இருக்கும்போது கூட்டிக் கேட்பதை மிரட்டல் என்றுதான் சொல்வேன்.

இது ஏன் நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். இப்படி புக்கிங் எடுக்கும் பலரிடம் சொந்த வண்டி கிடையாது. உங்களிடம் ஒரு ரேட் பேசி, உள்ளூர் புரோக்கரிடம் தள்ளிவிடுவார்கள். அவர் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு, காலியாக நிற்கும் ஏதோ ஒரு வண்டியை அனுப்புவார். டிரைவர் கைக்கு வரும்போது டீசலுக்கே இழுபறி. அதனால்தான் பெரிய வண்டி சின்னதாகிறது, மூன்று ஆள் ஒரு ஆளாகிறது. டிரைவர் செய்தது நியாயம் என்று சொல்லவில்லை. ஆனால் அட்வான்ஸ் வாங்கிய நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும். அதை விடாதீர்கள்.

முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். புக்கிங் தேதி, பேசிய வாடகை, வண்டி நம்பர், ஆலங்குளத்தில் நின்றபோது பணம் அனுப்பிய நேரம், உடைந்த சாமான்களின் போட்டோ எல்லாம் அதில் இருக்கட்டும். ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சேதத்துக்கு வழக்குப் போட வேண்டுமானால் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். போனில் திட்டியது கணக்கில் வராது.

அப்புறம் 1915-க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அதிலும் மசியவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சென்னை ஆபீஸ் என்ற சாக்கு அங்கே எடுபடாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த வாடகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. தையல் மெஷினைச் சரிசெய்த பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

இனிமேல் வண்டி பேசினால் வண்டியின் அளவு, ஆள் எண்ணிக்கை, மாடிக் கூலி, வெயிட்டிங் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். சொன்ன வண்டி வராவிட்டால் ஒரு பாத்திரத்தைக்கூட ஏற்ற விடாதீர்கள். வெள்ளை நம்பர் பிளேட் வண்டி வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். வாடகைக்கு ஓடும் டீசல், பெட்ரோல் வண்டிக்கு மஞ்சள் பிளேட்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: ஆவணியில் முகூர்த்த நாளில் குடிபோகிறோம். வண்டி நேரத்துக்கு வருமா என்று பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: ஆடி முழுக்க யாரும் வீடு மாறாததால் ஆவணி பிறந்ததும் எல்லாரும் ஒரே நாளைப் பிடிப்பார்கள், வண்டிக்குத் தட்டுப்பாடு வரும். பால் காய்ச்சும் நேரத்தை லாரியை நம்பி வைக்காதீர்கள் தம்பி. அடுப்பு, பால் பாத்திரம், குத்துவிளக்கு, உப்பு, அரிசி இவற்றை முந்தின நாளே புது வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். மற்ற சாமானுக்கு, கூட்டம் இல்லாத ஒரு நாளில் வண்டி பேசுங்கள்.